கரடி ஊதுகிற இடம்

என் தங்கத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்க மறுக்கிறது, நீயும் அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். நீ வரைகிற கார்ட்டூன் படத்தில் கரடி தன் குட்டியைக் குளிப்பாட்டித் துவட்டுகிற காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லை, அதைத் தூக்கிவிட்டு ஒரு துரத்தல் வைக்கலாம் என்று உன் முதலாளி சொல்கிறாராம், உனக்கும் அலுத்துவிட்டதாம், திங்கட்கிழமை சரியென்று சொல்லிவிடப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு புல்லாகக் கையால் வரைந்ததைக் கத்தரிப்பதற்கு முன்னால், கத்தரிக்கோல் பிடிக்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

என்னைப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பியதை நான் சலூன் டிவியிலேயே போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும், தலையைப் பற்றித்தான் தெரியும். இத்தனை நாளும் குழந்தைகள் வந்தால் அந்தச் சத்தமான கார்ட்டூன்களைத்தான் போடுவேன். அதில் யாராவது யாரையாவது டமாலென்று அடித்தால் இங்கே நாற்காலியில் தலை துள்ளும், காதோரம் வெட்டும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். உன் படத்தில் யாரும் கத்துவதில்லை. மழை பெய்கிறது, இலையிலிருந்து சொட்டுகிறது, கோடுகூட லேசாக நடுங்குகிறது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து இப்போதுதான் வரைந்து கொடுத்த மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் பார்க்கிறார்கள். பக்கத்துக் கடை டெய்லர் வந்து, என்னண்ணே, உங்க பொண்ணு படத்துல ஒருத்தரும் அவசரப்படவே மாட்டேங்கிறாங்களே என்று கேலி பேசினார். பேசியவர் எழுந்து போனாரா என்றால் இல்லை, சட்டை வாங்க வந்த ஆள் அவரைத் தேடிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார்.

பேக்கரிக்காரரின் கடைக்குட்டிப் பெண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் சைரன். கடை வாசலைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவாள். நேற்றும் அவள் அப்பா தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தார், ஆனால் டிவியில் உன் கரடியைப் பார்த்ததும் சத்தம் நின்றது, பாதிக் கண்ணீரோடு தானே ஏறி உட்கார்ந்தாள். கரடி துவட்டி முடித்து, குனிந்து, குட்டியின் பிடரியில் மெதுவாக ஊதி, தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறதே, அதே நேரம் பார்த்து நானும் வெட்டி முடித்து, வழக்கம்போலக் குனிந்து, அவள் பிடரியில் ஒட்டியிருந்த முடியை ஊதி, ஒரு தட்டுத் தட்டினேன். அவள் டிவியைப் பார்த்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், அப்பா, இந்தத் தாத்தாதான் அந்தக் கரடி என்று கத்தினாள். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, துண்டை உதறுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்குத் தெரியவில்லையடி. குனிவதற்கு முன்னால் நான் இடுப்பில் கை வைப்பதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும், அந்தத் தொப்பையைப் பாத்தப்பவே நான் கண்டுபிடிச்சிட்டேன் என்கிறாள்.

அதனால் திங்கட்கிழமை தைரியமாகப் போ. மரியாதையாகப் பேசு, ஆனால் முடியாது என்று சொல். ஒன்றுமே நடக்கவில்லை என்பாரானால், எங்கள் சைரன் ஓய்ந்த கதையைச் சொல். நீ ஜெயிப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்று முடி வெட்டிக்கொண்டு போகும்போது அந்தப் பொண்ணு வாசலிலிருந்து திரும்பி ஓடி வந்து, இன்னொரு தடவை ஊதுங்க தாத்தா என்று கழுத்தைக் காட்டினாள், ஊதித்தான் அனுப்பினேன்.

வேளைக்குச் சாப்பிடு, வரைகிற கைக்கு ஓய்வு கொடு, கண்ணைக் கசக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கரடியின் தொப்பையை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள், ஊதுகிற இடத்தில் யாரையும் கை வைக்க விடாதே.

உன் பிடரியில் முதன்முதலாக ஊதிய
அப்பா