அலசக் கூடாத மூட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், சாயப் பட்டறையின் சுகத்தைக் கடைசியில் சொல்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது. கால்வாயில் சாயத்தண்ணீர் விட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று அதிகாரி கெடு வைத்ததும் நீ ஒரு கைவைத்தியம் எழுதி அனுப்பினாய் அல்லவா, அதன்படியே ஜூஸ் கடைக்காரர் குப்பையில் போடும் சாத்துக்குடித் தோலை வாங்கிக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, துணி மூட்டைகளாகக் கட்டிப் பீப்பாயில் அடுக்கினேன். இது பட்டறையா பழக்கடையா என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. மேலே ஊற்றிய நீலத்தண்ணீர் கீழே தெளிந்து சொட்டியதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

என் கைதான் சும்மா இருக்கவில்லை. முப்பது வருஷமாகச் சாயம் ஏறிய எதையும் சோப்புத்தண்ணீரில் அலசாமல் விட்டவளா நான்? மூட்டை நல்ல நீலமாகியிருப்பதைப் பார்த்ததும், துணியை எடுப்பது போலவே எடுத்து அலசிவிட்டேன். குடித்த சாயத்தையெல்லாம் அது கக்கிவிட்டது, கால்வாய் முழுக்க நீலம், அதிகாரி வர இரண்டே நாள். தலையில் அடித்துக்கொண்டு உன் கடிதத்தைத் தேடி எடுத்தால், பின்பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய், மூட்டையை அலசிவிடாதே அம்மா என்று. பெற்றவளை நன்றாகத்தான் அறிந்து வைத்திருக்கிறாய். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, சோப்பு ஏறிய தூள் இனி உதவாது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு இருக்கிற ஜூஸ் கடையெல்லாம் சுற்றித் தோல் கொண்டுவந்தார். வெயிலை நம்பாமல் சாய அடுப்பின் மேல் தகரம் போட்டு உலர்த்தினோம்.

அதிகாரி வந்தார், நான் தெளிந்த தண்ணீர் பிடித்து வைத்திருந்த கண்ணாடிப் புட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "கொழாத் தண்ணியப் புடிச்சு வெச்சு ஏமாத்தப் பாக்குறீங்களாம்மா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லையப்பா, அழுகைதான் வந்தது. பிறகு அவரே பீப்பாயடியில் ஒரு புட்டி பிடித்துக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு என் பிள்ளை என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பட்டறையை நடத்தலாம் என்று நேற்று எழுத்தில் உத்தரவு வந்துவிட்டது.

ஆனால் சாயம் குடித்த ஏழு மூட்டைகள் ஒரு மூலையில் கிடக்கின்றன. குப்பையில் கொட்ட மனம் வரவில்லை, மழை பெய்தால் திரும்பக் கால்வாய்க்குத்தானே போகும். என்ன செய்வது என்று சீக்கிரம் எழுது, இந்தத் தடவை பின்பக்கத்தை முதலில் படிக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு.

நகமெல்லாம் நீலமாக,
உன் அம்மா