இறக்கத்தில் நின்ற லாரி

மெக்கானிக் அம்மணிக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறு குக்கரில் இருக்கிறது. சாவி ஜன்னல் மேல்.

பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டதென்று போன வாரம் நீ என் லாரியை நிறுத்திவைத்து அதை மாற்றியபோது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். நேற்று மலை இறக்கத்தில், முழு லோடோடு வரும்போது, முன்னால் போன பஸ் சட்டென்று நின்றுவிட்டது. மிதித்தேன். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது. பஸ்ஸின் பின்சீட்டுக் குழந்தை எனக்குக் கை காட்டியது.

பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். "யாருண்ணே உங்க மெக்கானிக்?"

"என் பொண்டாட்டி!" என்றேன். மலைக்கே கேட்டிருக்கும்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அவர் இன்று சாயங்காலம் தன் வண்டியோடு உன்னிடம் வருகிறார். "அவ நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க, எதிர்த்துப் பேசாதீங்க. நான் பேசிப் பாத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்.