வெண்பூசணிச் சாறும் ஒரு குறுக்கு விசாரணையும்

நண்பரே,

இன்று காலை கடற்கரைச் சாலையில் ஒருவர் தள்ளுவண்டியில் வெண்பூசணியை அரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை வாடையில் சற்று நின்றேன். வாங்கவில்லை.

என் மனைவி மறைந்தபின் நான் கடைச் சாப்பாட்டுக்கு மாறினேன். நெஞ்செரிச்சலும் வந்து சேர்ந்தது. முப்பது ஆண்டுகளாகப் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எனக்கு எதிர்த்தரப்பில் நின்று வாதாடிய நீங்கள், நெரவியில் உள்ள உங்கள் வீட்டிலிருந்து வரும்போது பிளாஸ்கில் வெண்பூசணிச் சாறு கொண்டுவரத் தொடங்கினீர்கள். மதிய இடைவேளையில் வழக்கறிஞர் அறையில் இரண்டு டம்ளர்களில் ஊற்றுவீர்கள்.

"ஒடம்புல இருக்குற அமிலத்தையெல்லாம் இது அடிச்சிடுங்க. மூஞ்சியைச் சுளிக்காமக் குடிங்க. கட்சிக்காரர் பார்த்தா கேஸை எங்கிட்ட குடுத்துடுவாரு."

ஏறத்தாழ ஓராண்டு அவ்வாறு குடித்தோம். பின்னர் ஒருநாள், அதுபற்றி முறையாகப் படித்துவிட்டு வந்து, அறையிலிருந்த அனைவர் முன்னிலையிலும் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல் விசாரித்தேன்.

"வயித்துல அமிலம் இருக்குன்னு ஒப்புக்கிறீங்களா?"

"ஒப்புக்கிறேன்."

"காரத்தன்மை உள்ளது எது போனாலும் அந்த அமிலம் அதைச் சமனாக்கிடும். அமிலம் கொறஞ்சா வயிறே திரும்பச் சுரந்துக்கும். சரியா?"

"சரிதாங்க."

"குடலுக்கு எறங்குனதும், வேண்டிய காரத்தைக் கணையமே சேர்த்துடுது. அப்ப உங்க சாறு ஒடம்போட அமிலத்தை என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல, விடுங்க. கேஸ் டிஸ்மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

மறுநாள் பிளாஸ்க் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீட்டுக்கே போகத் தொடங்கினீர்கள். காரணம் கேட்பது வென்றவனுக்கு முறையன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பின் மூன்று ஆண்டுகள், நீங்கள் இறக்கும்வரை, நமக்கிடையே வணக்கம் மட்டுமே இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உங்கள் துணைவியார் காப்பியை நீட்டியபடி சொன்னார்: "அவங்களுக்கு அந்தச் சாறு வாயில வைக்கவே புடிக்காதுண்ணே. நீங்க தனியா உக்காந்து சாப்புடுறீங்கன்னுதான் தெனம் கொண்டாந்தாங்க."

நான் அன்று சொன்ன உடலியலில் இன்றளவும் பிழை காணவில்லை. ஆனால், கேட்டவை அனைத்தும் சாற்றைப் பற்றிய கேள்விகள். 'உங்களுக்கு இது பிடிக்கிறதா?' என்று ஒன்று கேட்டிருந்தால், நீங்கள் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள். கேட்காத அந்த ஒன்று என்னோடேயே இருக்கிறது. மதியங்களில் இரைப்பை தனக்குரிய அமிலத்தைத் தவறாமல் சுரக்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது.