ரொட்டிக்காரர் போட்ட கீறல்

குவாதலஹாரா,
11 பிப்ரவரி 2023

என் மகளின் ஞானத்தாய், என் கொமாத்ரே ஒதிலியாவுக்கு,

நலம்தானே? திஹுவானாவில் கடற்குளிர் இன்னும் விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்கிறாயா? தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ருஃபினாவின் பட்டறைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது உன் கம்பெனி. "நாங்கள் பதிவு செய்த வடிவத்தைப் பார்த்து உங்கள் சமையலறை ரேடியோவைச் செய்திருக்கிறீர்கள். விற்பனையை நிறுத்துங்கள், அச்சை அழித்துவிடுங்கள்" என்கிறது. பதிவுப் படத்தையும் இணைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

ஞானஸ்நானத் தொட்டியருகே நீ கையில் ஏந்தியிருந்தபோது உன் முடியைப் பிடித்து இழுத்தாளே, அந்த ருஃபினாவுக்குத்தான் இந்த நோட்டீஸ். ரேடியோவின் உடம்பை வார்க்கும் புது இரும்பு அச்சுக்காகத் தன் காரையும் விற்றவள் அவள். அந்த அச்சு போனால் பட்டறையும் போகும். அங்கே வேலை செய்கிற எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ரேடியோ எங்கே பிறந்தது என்று உனக்குத் தெரியாதா? ரொட்டிக்கடை தொன் கிரெசென்சியோவின் அடுப்பிலிருந்து வந்த பிரோத்தே ரொட்டி ஒன்று என் மேசையில் கிடந்தது. அதன் முதுகில் ரொட்டிக்காரர் கத்தியால் போடும் நீளக் கீறலைக் காட்டி, "சத்தம் இங்கருந்து வரட்டும்டி" என்று சொன்னது நீ. அதை வரைந்தது நான். அப்போது யாரும் வாங்கவில்லை. நீ வேலை தேடி வடக்கே போனாய். இப்போது என் மகள் அதைத் தூசு தட்டி எடுத்தால், அது உன் கம்பெனியின் சொத்தாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தேன். ரேடியோவின் உடம்பு முழுவதையும் முழுக்கோட்டில் வரைந்திருக்கிறாய். கீறலை மட்டும் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறாய். பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் விளிம்பைத்தான் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். கண்ணெதிரே முதுகில் இருக்கிற கீறலை ஏன் மறைத்தாய், ஒதிலியா? நம் இருவருடையது என்று தெரிந்துதான் மறைத்தாயா?

கோபமும் உன் முழங்கால் பற்றிய கவலையும் ஒன்றாகக் கொண்டிருக்கும்,
செனைதா

*

திஹுவானா,
22 பிப்ரவரி

கோபக்கார டீச்சருக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்திருந்தால் கிழித்திருப்பேன். எழுந்து போய்க் குப்பைத்தொட்டியைத் தேடும் பொறுமை என் முழங்காலுக்கு இல்லாததால் அது பிழைத்தது.

உன் பாடம் பள்ளிக்கூடத்துக்குச் சரி. வடிவப் பதிவுக்குப் போடும் படத்தில் வழக்கம் வேறு. அங்கே முழுக்கோடு என்றால் "இது எங்களுடையது, வேறு யாரும் செய்யக் கூடாது" என்று பொருள். புள்ளிக்கோடு என்றால் "இதுவும் பொருளில் இருக்கிறது, ஆனால் இதன்மேல் உரிமை கேட்கவில்லை" என்று பொருள்.

உதாரணம் சொன்னால்தானே உனக்குப் பிடிக்கும்? கல்யாணப் போட்டோவில் மணப்பெண் கோயில் வாசலில் நிற்கிறாள். வாசலும் படத்தில் விழுகிறது. அதற்காக வாசல் அவளுக்கு வந்த சீதனமா? புள்ளிக்கோடு அந்த வாசல் மாதிரி.

எங்கள் மேலாளர் பொறியாளர் அவலோஸ் அப்போதே கேட்டார், "என்னம்மா, நல்லாயிருக்கிற கீறலப் போயி விட்டுட்டீங்க?" என்று. "அது ரொட்டிக்காரர் போட்டதுங்க. என் ஊர்ல ஒவ்வொரு கடையிலும் தினமும் போடுறாங்க. அதை நம்மதுன்னு எழுதினா என் ஊர்ப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்குப் புதிதாக வந்திருக்கிற வக்கீல்கள் படத்தைப் படிப்பதில்லை. கடைக்கடையாகத் துண்டுப் பிரசுரம் போல நோட்டீஸ் அனுப்புகிறார்கள்.

எனவே கீறலை மறந்துவிட்டு உடம்பை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுடையது தலையணை மாதிரி உப்பியிருக்கும். ருஃபினா செய்திருப்பது எப்படி இருக்கிறது? அதைச் சொல்.

கேட்பதற்கு முன்பே திருடி என்று முடிவு கட்டினாயே, அதை நான் மறக்க ஒரு வாரமாவது ஆகும். பத்து நாள் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
முடியை இழுத்தும் கைவிடாமல் பிடித்திருந்த
ஒதிலியா

*

குவாதலஹாரா,
14 மார்ச்

அன்புள்ள ஒதிலியா,

பத்து நாள் கடந்துவிட்டது. தைரியமாக எழுதுகிறேன். நான் அவசரப்பட்டேன். ஒரு பாடம் தெரிந்தவளுக்கு எல்லாக் கோடும் அந்தப் பாடமாகவே தெரிகிறது.

நீ சொன்னபடியே செய்தோம். கடையில் உங்கள் ரேடியோ ஒன்றை வாங்கிவந்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தோம். இரண்டின் கீறலையும் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினோம். பள்ளிச் சீருடை ஒன்றாக இருப்பதால் இரண்டு பிள்ளைகள் இரட்டையராகிவிட மாட்டார்களே! சட்டையை நீக்கிவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு தோஞா சோலேயைக் கூப்பிட்டு, "ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் இதுகளுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? கீழ விழுந்துடுச்சா?"

"கட்ட விடுங்க. உடம்பப் பாருங்க."

"இது பூசணிக்கா. இது ரொட்டி. பூசணிக்காயையும் ரொட்டியையும் மாத்தி வாங்கிட்டு வர்றவன் என் வீட்டுக்காரன் ஒருத்தன்தான்."

தொன் கிரெசென்சியோவும் வந்து பார்த்தார். எங்களுடையதைக் கையில் எடுத்து இரண்டு முனைகளையும் தடவி, "என் ரொட்டிதான். கொஞ்சம் வேகல" என்றார். பட்டறையே சிரித்தது. நோட்டீஸ் வந்த பிறகு ருஃபினா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வக்கீல் இதையெல்லாம் எழுதிப் பதில் அனுப்பினார். உடனே மறுமொழி வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? புள்ளிக்கோடு என்றால் மறைந்த விளிம்பு என்று தொழில்நுட்ப வரைபடப் பாடப்புத்தகமே சொல்கிறதாம். வரைந்தவர் பள்ளிக்கூடப் பழக்கத்தில் அறியாமல் அப்படிப் போட்டுவிட்டாராம். ஆகவே கீறலும் அவர்களுடையதுதானாம். நான் செய்த அதே தவறு, ஒதிலியா! நான் தெரியாமல் செய்தேன். அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள்.

"எந்த எண்ணத்துல போட்ட கோடுன்னு வரைஞ்சவங்க ஒரு வார்த்தை சொன்னா இதோட முடிஞ்சிரும். அவங்களக் கேக்கலாமா டீச்சர்?" என்றார் வக்கீல். "அவ சம்பளம் வாங்குற எடம் அது" என்றேன். நான் உன்னைக் கேட்கவில்லை. செய்தியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன்,
செனைதா

*

திஹுவானா,
21 மார்ச்

செனைதா,

"நான் கேட்கவில்லை" என்று எழுதுவதுதான் நீ கேட்கும் விதம். உன்னை எனக்குத் தெரியாதா?

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நான் இங்கே நிரந்தர வேலைக்காரி இல்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். மருத்துவக் காப்பீடும் அதோடுதான். ஆகஸ்டில் முழங்கால் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வலது காலைத் தரையில் ஊன்றவே பயமாக இருக்கிறது. மாடிப்படியைப் பார்த்தால் அழுகை வருகிறது.

நேற்று அவலோஸ் என் மேசைக்கு வந்தார். இனிமையாகத்தான் பேசினார்.

"அந்த குவாதலஹாரா பட்டறை உங்களுக்குத் தெரிஞ்சவங்களாமே?"

"என் ஞானமகளோடது."

"அடடா. குடும்ப விஷயம் கஷ்டம்தான். நீங்க இதுல ஒதுங்கியே இருங்க ஒதிலியா. கால் ஆபரேஷன்லாம் வருதுல்ல?"

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லை. பயமுறுத்தத் தெரிந்தவர்களுக்குக் கெட்ட வார்த்தை தேவைப்படுவதில்லை.

என்னால் முடியாது. ஒரு நிலத்தகராறில் உன் பெரியப்பா மகன் தன் பிள்ளையின் ஞானத்தந்தையான கொம்பாத்ரேக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிறகு, சொன்னவர் வீட்டுத் தண்ணீரைக்கூட ஒருவரும் குடிக்கவில்லை என்று எனக்கு நினைவிருக்கிறது. எதிராகச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதும் அதில்தான் சேருமா? நீயே சொல். இல்லை, சொல்லாதே.

ஒதிலியா

*

குவாதலஹாரா,
30 மார்ச்

அன்புக்குரிய ஒதிலியா,

அதில் சேராது. யார் வேண்டுமானாலும் என்னிடம் வந்து கேட்கட்டும், சொல்கிறேன். முதலில் கால். காலை ஊன்றிக்கொண்டுதான் மற்ற எதையும் பேச முடியும்.

உன் கடிதத்தை ருஃபினாவிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. படித்ததும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வக்கீலைக் கூப்பிட்டு, "ஞானத்தாய் சோத்துல மண்ணள்ளிப் போட்டுத்தான் நான் ரேடியோ விக்கணும்னா, அந்த ரேடியோவே எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே என் மாமியார் குரல்!

அச்சில் கீறல் இருக்கும் இடத்தை இரும்பு வைத்து அடைத்துவிட்டு, அங்கே வட்ட வட்டமாகத் துளை போடப்போகிறார்கள். ஈஸ்டர் விடுமுறை முடிந்து அச்சுக்காரர் கடை திறந்ததும் அனுப்புவதாக ஏற்பாடு. துளை வைத்த மாதிரி ஒன்றைக் காகிதத்தில் செய்து பார்த்தோம். சல்லடை மாதிரி இருக்கிறது. சத்தமும் வடிகட்டித்தான் வருமோ என்று பட்டறைப் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். விற்குமா என்று தெரியவில்லை. இரண்டு மாதம் பார்ப்போம், விற்காவிட்டால் பட்டறையை மூடிவிடலாம் என்கிறாள். அவள் முகத்தில் வருத்தம் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறாள். நானும் பார்க்காதபடி பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குக் கொய்யா மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். மேலே சர்க்கரை தூவாதது. ஆகஸ்டில் நான் அங்கே வந்து உன்னோடு இருக்கிறேன். உன் சமையலறையை என் இஷ்டத்துக்கு மாற்றி வைப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

என்றும் உன்,
செனைதா

*

திஹுவானா,
12 ஏப்ரல்

செனைதா, ருஃபினா இருவருக்கும்,

முதலில் முக்கியமானது: அச்சைத் தொடாதீர்கள். ருஃபினாவிடம் தொலைபேசியில் சொன்னேன். எதற்கென்று கேட்டாள். கடிதம் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், வழக்கம்போல.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை நோட்டரி அலுவலகத்துக்குப் போனேன். அந்த வடிவத்தை வரைந்தது நான், கீறலுக்கு உரிமை கேட்கக் கூடாது என்று தெரிந்தே புள்ளிக்கோடு போட்டேன், மேலாளரிடம் காரணத்தையும் சொன்னேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். நோட்டரி ஒரு சின்னப் பெண். "ரொட்டிக் கீறல்னு அப்படியே எழுதவாம்மா?" என்று கேட்டாள். "அப்படியே எழுது கண்ணு, அதுதான் பேரு" என்றேன். உங்கள் வக்கீலுக்குக் கூரியரில் வந்து சேரும்.

நான் பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ருஃபினா சொன்னதைப் படித்து அழுதேன், உண்மைதான். ஆனால் என்னைக் கிளப்பியது வேறு. "வரைந்தவர் அறியாமல் போட்டுவிட்டார்" என்று எழுதியிருக்கிறார்களே, அது. அறியாமல்! என் வாழ்க்கையில் அறியாமல் நான் சமைத்திருக்கிறேன், அறியாமல் காதலித்தும் இருக்கிறேன். அறியாமல் ஒரு கோடு போட்டதில்லை. விடுமுறை முழுக்க அந்த ஒரு சொல் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

நோட்டரியிடமிருந்து நேரே அவலோஸிடம் போனேன். அடுத்தவர் சொல்லித் தெரியக் கூடாது என்று.

"இப்படிப் பண்ணிட்டீங்களே ஒதிலியா."

"நீங்களும் அங்கதான இருந்தீங்க? சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டீங்க."

"நான் சிரிச்சது வக்கீலுங்களுக்குத் தெரிய வேணாமே."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். பிறகு, "ஜூன்ல என்ன நடக்கும்னு தெரியும்ல?" என்றார்.

"தெரியும். குவாதலஹாராவுல மழை ஆரம்பிக்கும்."

வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்த பிறகுதான் காப்பீடும் காலும் நினைவுக்கு வந்தன. ஆனால் கொய்யா மிட்டாய் முழுவதையும் ஒரே நாளில் தின்றேன். தூக்கமும் வந்தது.

உங்கள்,
ஒதிலியா

*

குவாதலஹாரா,
10 ஜூன்

என் ஒதிலியா,

நேற்று அவர்கள் கடிதம் வந்துவிட்டது. ஒரே பத்தி. "எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், இந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம்." தோற்றவர்கள் எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார்கள், பார்த்தாயா? வக்கீல் அதை உரக்கப் படித்தார். பிறகு ருஃபினா வார்ப்பு இயந்திரத்தை ஓட்டச் சொன்னாள். முதலில் வந்த ரேடியோ தொன் கிரெசென்சியோவின் கடைக்குப் போயிருக்கிறது. ரொட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். ஒரு அம்மா அதையும் ரொட்டி எடுக்கும் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு காசு கொடுக்க வந்துவிட்டாராம்.

உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று நீ தொலைபேசியில் சொன்னபோது நான் ஒன்றும் பேசாததற்குக் காரணம் உண்டு. பேசினால் அழுதிருப்பேன். நீ வைத்திருப்பாய். இப்போது நிதானமாகச் சொல்கிறேன். ருஃபினா உன்னைப் பட்டறையின் வடிவமைப்பாளர் என்று அரசின் சமூகக் காப்பீட்டில் பதிந்துவிட்டாள், மருத்துவச் செலவும் அதில் சேரும். தானமாக இல்லை. உண்மையான வேலை, சுமாரான சம்பளம். முழங்காலுக்கு இங்குள்ள மருத்துவமனையில் முதல் சந்திப்பு வாங்கியாகிவிட்டது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய அறுவை அக்டோபர் ஆகலாம் என்கிறார்கள். அதுவரை உனக்கு மாடிப்படி கிடையாது. எங்கள் வீட்டின் கீழ் அறையை உனக்காகக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று.

ஆனால் இங்கே ஒரு பெரிய சண்டை நடக்கிறது. ருஃபினா அடுத்து ஒரு மேசைக் கடிகாரம் செய்கிறாள், கண் மங்கியவர்கள் தொட்டால் நேரம் சொல்வது. மூன்று பொத்தான் வேண்டும் என்று அவள். ஒன்று போதும் என்று நான். இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேற்றிரவு தட்டைக்கூட நங்கென்று வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஞானத்தாய் வரட்டும்" என்கிறாள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பொத்தானே வேண்டாம் என்பாய். எங்கள் இரண்டு பேரையும் முட்டாள் என்பாய்.

இந்த மாதக் கடைசி வரை ஒன்றும் வெட்டக் கூடாது என்று அச்சுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் வந்துசேர்.

காத்திருக்கும் கொமாத்ரே,
செனைதா