சாப்பாட்டுக் காட்சியை எழுதியவன் நீ

நேற்று நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர்டு வாத்தியார் என்று முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போகிற வழியில் ஒரு வகுப்பறையில் பிள்ளைகளுக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசும் வாசனை. அதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு டீச்சர் ஓடி வந்து, "உக்காருங்க சார், மயக்கமா வருதா?" என்று கேட்டார். "இல்லம்மா, அசதிதான்" என்றேன். பொய் இல்லை. நீ கண்ணை மூடின சேதி வந்த நாளிலிருந்து யார் எது கேட்டாலும் இந்த ஒரு பதில்தான் வருகிறது.

அந்த வாசனையை நாம் இருவரும் முதலில் முகர்ந்தது மாயவரத்தில், நாடகக் கம்பெனிக் கொட்டகையின் பின்பக்கம். நமக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்குமா? கும்பகோணத்தில் காலேஜ் கடைசி வருஷம். உன் அப்பா ஊரில் பெரிய மிராசுதார். என் அப்பா அவர் பண்ணையில் ஆள். ஊருக்குள் நான் உன்னைச் சின்னய்யா என்று கூப்பிடுவேன். கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்த பிறகுதான் உன் பேர் என் வாயில் வரும். "ரயில் ஏறினதுமே கூப்பிட ஆரம்பிக்கக் கூடாதா? இறங்கற வரைக்கும் ஏன் காத்திருக்கே?" என்று நீ கோபித்துக்கொள்வாய். அதே பெட்டியில் நம்ம ஊர்க்காரர் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது உனக்குத் தோன்றாது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

காலேஜ் விழாவில் நாம் போட்ட ஓரங்க நாடகத்துக்குக் கைதட்டல் கிடைத்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி மாயவரத்தில் முகாம் போட்டிருக்கிறது, புராண நாடகத்துக்குக் கூட்டம் வராமல் புதுசாக எதையோ தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாய். கம்பெனியை நடத்தினது ஒரு அம்மா. சின்ன வயதிலிருந்து மேடையில் நின்றவர், கனத்த உடம்பு, கரகரத்த குரல். நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "காலேஜ் பிள்ளைங்க எழுதறது மேடையில நிக்காது. இருந்தாலும் கொண்டாங்க, பார்க்கறேன்" என்றார்.

ஊரெல்லாம் அப்போது கூலிப் பேச்சும் நிலப் பேச்சும்தான். அறுவடைக் கூலி கேட்டுச் சங்கத்தார் ஊர்வலம் போவதும், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவதும், பின்னாலேயே போலீஸ் வேன் வருவதும். நாம் வேறு எதை எழுதியிருக்க முடியும்? ஒரு மிராசுதார், அவருடைய பண்ணையாள். மிராசுதார் பேசுவதை நான் எழுதினேன். ஆள் பேசுவதை நீ எழுதினாய். அப்படிப் பிரித்தது வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் உன் அப்பாவின் குரல் என் காதில் எத்தனை வருஷமாக இருந்தது என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் தகரப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து அந்த அம்மா முழுதும் கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லா சண்டை போடறாங்க தம்பி. ஆனா ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறாங்களே. சண்டை முடிஞ்சு அவனவன் வீட்டுக்குள்ள போயி என்ன பேசுவான்? அது எனக்கு வேணும். அதை எழுதிக்கிட்டு வாங்க, மேடை ஏத்தறேன்."

அந்த ஆளின் குடிசைக்குள் நடப்பதை உன்னால் எழுத முடியவில்லை. பெரிய வீட்டுக்குள் நான் காலே வைத்ததில்லை. மாற்றிக்கொண்டோம். நான் என் அம்மாவை எழுதினேன். ஒரு வாரம் கழித்து ரயிலில் நீ உன்னுடைய காட்சியைக் கொடுத்தாய். ஆடுதுறை தாண்டும்போது படித்து முடித்தேன்.

மிராசுதார் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், மனைவி பரிமாறுகிறாள். சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைத்துவிட்டது, நிலம் போய்விடும் என்று புலம்புகிறார். கொஞ்சம் நிலத்தைப் பண்ணையாள் பேரிலேயே எழுதி வைத்துவிட்டேன், ஏதோ பத்திரம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கியாச்சு, அவனுக்கே தெரியாது என்கிறார். "அவன் எங்க படிச்சுப் பார்க்கப் போறான்?" என்று சிரிக்கிறார். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவன் புள்ள படிக்கிறானே" என்கிறாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி.

"இது நடந்ததா?" என்றேன்.

"நாடகம்தானே."

"நடந்ததான்னு கேட்டேன்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "நான் பக்கத்து இலையில உக்காந்திருந்தேன்" என்றாய்.

இதை எடுத்துவிடலாம், உனக்கு ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து என்று கும்பகோணம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். நீ கேட்கவில்லை. "எடுத்துட்டா நாடகம் மறுபடியும் வாசல்லதான் நிக்கும்" என்றாய். பக்கத்தில் நம்ம ஊர்க்காரர்கள் இருந்தார்களா என்று அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

அரங்கேற்றத்தன்று மதியமே ஆட்டம். ராத்திரியில் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் தடை போட்டிருந்தது. தட்டி விளம்பரத்தில் நம் இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உன் அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் மகன் நாடகம் என்று கொட்டகை வேயக் கீற்றும் மூங்கிலும் வண்டியில் அனுப்பியிருந்தார். படுதாவில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக நாம் மாறி மாறிப் பார்த்தோம். முன்னால் நாற்காலியில் பட்டுக் கரை வேஷ்டியோடு உன் அப்பா. பின்னால் தரை டிக்கெட்டில், மேல்துண்டை இடுப்பில் கட்டியபடி என் அப்பா. "இப்பக்கூட எடுத்துடலாம்" என்றேன். "வேஷம் போட்டாச்சுடா" என்றாய்.

மனைவி வேஷம் கட்டினது கம்பெனி அம்மாவேதான். "அவன் புள்ள படிக்கிறானே" என்ற வரியை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. பரிமாறுகிற கவனத்திலேயே சொன்னார். தரையிலிருந்து பெரிய சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. சிலர் என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் நின்ற நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. எழுந்து போய்விடுவார், கத்துவார், ஆள் விடுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் அவரையே மேடைக்கு அழைத்து நம் இருவருக்கும் மாலை போடச் சொன்னார்கள். வந்தார். எனக்குப் போட்டார். உனக்குப் போட்டார். போட்டுவிட்டுக் கழுத்துப் பக்கம் மாலையைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"நல்லா எழுதியிருக்கே. இனிமே உனக்காகச் சோறு எடுத்து வெச்சுக் காத்துக்கிட்டிருக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

கீழே கைதட்டல் நிற்கவில்லை. நீ கைகூப்பிச் சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த யாரும் உனக்கு என்ன நடந்தது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நானும் அப்பாவும் வாய்க்கால் கரையோடு நடந்தே ஊர் திரும்பினோம். வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்தச் சாப்பாட்டு சீனு யாரு எழுதுனது?"

"சின்னய்யா."

"நீ எழுதலியே?"

"இல்லப்பா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "அப்ப நெசந்தான்" என்றார்.

கம்பெனி நாகூருக்கு நகர்ந்தபோது நீயும் கூடவே போனாய். கந்தூரிக் கூட்டத்துக்கு நம் நாடகத்தை இரண்டு மூன்று தடவை போட்டதாக எழுதியிருந்தாய். இங்கே என்ன நடந்தது என்பதை உனக்கு நான் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக் காரியஸ்தர் மைப்பெட்டியோடு வந்தார். இன்னொரு கைநாட்டு வேண்டுமாம். அப்பா கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கய்யா."

"இத்தனை நாளா கேட்டியாடா?"

"தோணலீங்க. இப்பத்தான் தோணுச்சு."

அன்றைக்கு என் அப்பாவின் குரல் நடுங்கியது. ஆனால் கை முன்னால் வரவில்லை. காரியஸ்தர் போய்விட்டார். அந்த அறுவடைக்கு எங்கள் வீட்டில் யாரையும் வயலில் இறங்க விடவில்லை. அடுத்ததற்கும் இல்லை. அம்மா பக்கத்து ஊர்களில் களை பறிக்கப் போனாள். தன் பேரில் எழுதின நிலத்தைக் கேட்டு அப்பா சங்கத்தார் துணையோடு தாலுகா ஆபீசுக்கு நடந்தார். நடந்தார் என்றால் நடந்தார், அவ்வளவு வருஷம். தாசில்தார்கள் மாறினார்கள், மந்திரிகள் மாறினார்கள், ஜமாபந்திக்கு ஜமாபந்தி அதே மனுவை நான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். நாடகம் எழுதின கை மனு எழுதியே ஓய்ந்தது.

விசாரணையில் நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் சீக்கிரம் முடியும் என்று வக்கீல் சொன்னார். நானே திருவாரூர் முகாமுக்கு வந்து கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? நீ புது நாடகத்துக்குப் பாட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தாய். எழுந்து வெளியே வந்தாய்.

"அவர் முன்னாடி இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாதுடா. ஒரு தடவைதான் முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்தது. கடைசி பஸ்ஸில் திரும்பும்போது கோபம் அசதியாகிவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது, என் அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், உன் அப்பா உன்னோடு உட்காருவதில்லை என்பது மட்டும் மனதில் நின்றது. உன்னிடம் மறுபடி நான் அதைக் கேட்கவில்லை.

அப்பா ஜெயித்தபோது கிழவராகிவிட்டிருந்தார். கிடைத்ததும் முழுசாக இல்லை. வாய்க்கால் கடைமடையில் ஒரு துண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்து, மனம் இருந்தால் அங்கே வரும். அப்பா அதில் நாலு குறுவை போட்டார். பிறகு படுத்துவிட்டார். நான் வாத்தியார் வேலையில் இருந்தேன். நாடகம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்களுக்கு நேரமில்லை என்று சொல்லிப் பழகிவிட்டது.

கம்பெனி கலைந்தபின் நீ சென்னைக்குப் போய் சபாக்களுக்குச் சிரிப்பு நாடகம் எழுதினாய். இரண்டை நான் வந்து பார்த்தேன். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் நாடகத்து மனிதர்கள் காபி குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள். ஒருவரும் சாப்பிட உட்காரவில்லை. நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ தெரிந்துதான் எழுதியிருப்பாய்.

உன் அப்பா கடைசிவரை உன்னோடு பேசவில்லை. காரியத்துக்கு வந்தபோது நீ மொட்டைத் தலையோடு உன் வீட்டு முற்றத்தில் தூரத்து உறவுக்காரனைப் போல் நின்றாய். எல்லாம் முடிந்து ரயிலுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்கு வந்தாய். என் மனைவி இலை போட்டாள். "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து, "இன்னொண்ணு சேர்ந்து எழுதலாமா?" என்றாய்.

"அசதியா இருக்குடா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாய். சிரித்தோம். அது நாம் சேர்ந்திருந்த கடைசி நாள். மாசியில் உன் மகள் போனில் அழுதபோது எனக்கு உடனே அழுகை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் துண்டு நிலத்துக்கு இப்போது நல்ல விலை கேட்கிறார்கள். பிளாட் போடுகிறவர்கள். என் மகன் சிங்கப்பூரிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறான்: "தண்ணியும் வர்றதில்ல, உங்களால பார்த்துக்கவும் முடியல, ஏம்ப்பா வெச்சுக்கிட்டு?" அவன் சொல்வது சரி. அது அவன் தாத்தா நடந்து நடந்து வாங்கின நிலம் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அதற்காக ஒருத்தன் தன் வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனான் என்பதைச் சொல்ல இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். போனில் சொல்கிற விஷயமாக அது இல்லை.

இன்று காலையும் கூப்பிட்டான். "என்னப்பா, முடிவு பண்ணினீங்களா?" என்றான்.

"இந்தப் போகம் போகட்டும்டா" என்றேன்.

போன போகத்துக்கும் இதையேதான் சொன்னேன்.