சித்தப்பா போன அறை

ஜூன் 3
இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் வேண்டவே வேண்டாம்.

அப்பாவின் கல்லீரல் கெட்டுவிட்டது. இறந்தவர்களின் தானத்துக்குக் காத்திருக்கும் பட்டியலில் நாற்பத்தொன்றாவது ஆள். "வரிசை நகர்றதுக்குள்ள நான் நகர்ந்துடுவேன்" என்று அப்பாவே சிரிக்கிறார். உயிரோடு இருப்பவரும் ஒரு பகுதி தரலாமாம், திரும்ப வளர்ந்துவிடுமாம். எங்களோடு இருக்கும் சித்தப்பா தருகிறேன் என்றார். "சின்ன வயசுல அண்ணன் சட்டையைத்தான் போட்டேன். இப்ப என்னோடதை அண்ணன் போட்டுக்கட்டும், அண்ணி."

ஜூன் 9
சித்தப்பாவுக்கு எல்லா டெஸ்ட்டும் சரி. இன்று டாக்டர் சித்தப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம். வெளியே வந்து டாக்டரேதான் சொன்னார், "இவர் உடம்பு சரிவராது." சித்தப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

ஜூன் 10
போன வாரம் சரியாக இருந்த உடம்புக்கு அரை மணியில் என்ன வந்தது?

ஜூன் 12
இப்போது அம்மா தரப் போகிறாள். நர்ஸ் விளக்கினார்: "கடைசியா உங்களைத் தனியா கேட்போம். மனசில்லைன்னா சொல்லிடுங்க. உடம்பு சரிவராதுன்னு நாங்களே வீட்டுல சொல்லிடுவோம். யாருக்கும் தெரியாது." அம்மா கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சித்தப்பா உள்ளே இருந்த அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்தது.

சித்தப்பா பொய்யர். பயந்தாங்கொள்ளி.

ஆனா தானம் குடுக்க பதினெட்டு வயசு ஆகணும், எனக்கு இன்னும் ஆகலைன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சே — அதுக்குப் பேர் என்ன?

ஜூன் 15
இந்த நோட்டு பூகோளப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. இன்று மேலே இருக்கிறது. மத்தியானம் வீட்டில் சித்தப்பா மட்டும்தான்.

ஜூன் 16
நாளை அம்மா அந்த அறைக்குப் போகிறாள். சித்தப்பா சாப்பிடவில்லை. "உடம்பு ஒத்துக்கலைன்னா நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, சாப்பிடுங்க" என்றாள் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

மணி பதினொன்று. கதவைத் தட்டும் சத்தம். கதவுக்கு அடியில் கால் நிழல். சித்தப்பா குரல்.

"தூங்கலைன்னு தெரியும்மா. நாளைக்கு அண்ணி போக வேண்டாம். நான் மறுபடி வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுடு. அண்ணன் கண்ணுல பட வேண்டாம்."

மனசோட போறாரா? இல்ல, நான் எழுதினதைப் படிச்சதாலயா? கதவைத் திறந்து கேட்கணும். கேட்டு, மனசில்லைன்னு சொல்லிட்டா — அப்பா?

மறுபடி கதவைத் தட்டும் சத்தம்