பால் சுரக்க என்று நான் அனுப்பிய இலை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு முழங்கால் தேவலை, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் வலி திரும்பிவிடுகிறது. வெள்ளிக்கிழமை போனில், அந்த மூலிகைத் தேநீரை இன்றோடு நிறுத்து, காரணம் கேட்காதே, எழுதுகிறேன் என்றேன். ஏம்மா, நீதானே விடாம குடிக்கச் சொன்னே என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் காரணத்தை நூலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வீட்டு அலமாரி உனக்குத் தெரியும், எந்த டப்பாவிலும் உள்ளே என்ன என்று இருக்காது, எப்போது குடிப்பது என்றுதான் இருக்கும். இருமலுக்கு, தூக்கம் வராவிட்டால், விருந்தாளி கிளம்பிய பிறகு (அது அப்பா ஒட்டிய சீட்டு). பகல் முழுக்கப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற நான் வீட்டில் இதைக் கேள்வி கேட்காமல் விட்டேன். "பிரசவத்துக்குப் பிறகு" என்று உன் அத்தை கையெழுத்தில் ஒரு டப்பா, நான் கல்யாணமாகி வந்தபோதே இருந்தது, பால் சுரக்கத்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். நீ பிறந்தபோது எனக்குப் பால் தாராளமாக இருந்ததால் அதைத் தொடவில்லை. தொண்டை கட்டினால் ஒரு சிட்டிகை எடுப்போம், தீர்ந்தால் சேஜ் என்கிற அதே வாசனை மூலிகை இலையும் புதினாவும் காய வைத்து நிரப்புவேன். பால் கொஞ்சம் குறைவா இருக்கும்மா என்று நீ சொன்னதும் பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன். குடிக்கக் குடிக்கக் குறையுதும்மா என்றாய். ரெண்டு டம்ளரை நாலாக்கு என்றேன். அதோடு விட்டேனா, போனைப் பார்த்துக்கிட்டே பால் கொடுத்தா எப்படிச் சுரக்கும் என்றும் கேட்டேன். எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் இது வரலம்மா என்றாய். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை அத்தை வந்தாள். நான் இரண்டாவது பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு அண்ணி இது என்றாள். உன் அண்ணன் மகளுக்குத்தான் என்றேன். பால் கொடுக்கிறவளுக்கா இதைக் கொடுத்தீங்க, இது பாலை நிறுத்தக் குடிக்கிறதாச்சே என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று சிரித்தேன், நான் குடிச்சிருக்கேன் என்றாள். அவள் மகனுக்கு முன்னால், பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு பெண் பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டதாம். குழந்தை போன பிறகும் பால் நிற்கவில்லை, ஜாக்கெட் நனைந்து நனைந்து காய்ந்ததாம். யாரோ இந்த இலையைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். டப்பாவில் எதற்கென்று எழுதக் கை வரவில்லை, பிரசவத்துக்குப் பிறகு என்று மட்டும் எழுதினாள். இரண்டு வருஷம் கழித்து மருமகளாக வந்த என்னிடம் யாரும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன், சொல்லியிருக்கணும் என்றார், சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் விசாரித்தேன். இந்த இரண்டு இலையும் அதிகமானால் சிலருக்குப் பால் குறையலாம் என்றார், உனக்கு இதனால்தான் என்றோ, நிறுத்தினால் பழையபடி வரும் என்றோ அவர் உறுதி சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மிச்சத்தை உன் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு, எத்தனை டம்ளர், எத்தனை நாள் என்று ஒளிக்காமல் சொல். குட்டியை அடிக்கடி மார்பில் போடு, டாக்டர் சொன்னால் புட்டிப் பாலும் கொடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, குட்டியின் எடைதான் முக்கியம். பால் ஊறும் என்று யார் எந்த இலையை நீட்டினாலும், அது நானே ஆனாலும், கேட்காமல் குடிக்காதே.

தேநீர் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் எழுதிவிடுகிறேன், உன் கதை வேண்டாம் என்று அத்தையிடம் சொன்னேன். முழுசா எழுதுங்க அண்ணி, தன்னாலதான்னு நெனச்சிட்டிருப்பா, நானும் என் குழந்தை விஷயத்துல இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன் என்றாள். உன்னால் இல்லை கண்ணே. உன்னைக் குறை சொன்ன என் வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நீயும் குழந்தையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மறக்காமல் அத்தைக்கு ஒரு போன் செய். பழசை எதுவும் கேட்க வேண்டாம். குட்டி எப்படி அழுவா அண்ணி என்று போகும்போது கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குட்டி அழுகிற நேரமாகப் பார்த்துச் செய், உடனே சமாதானம் பண்ணிவிடாதே, அத்தை கொஞ்சம் கேட்கட்டும்.

உன் அம்மா